இரண்டு கண்ணி குறைவு

மாமனார் ஒரு சைக்கிள் வாங்கித் தரப்போகிறார் என்று மனைவி சொன்னபோதே மாப்பிள்ளைக்கு முட்டி லேசாக வலித்தது. கடையில் நிற்கிற சைக்கிளை வாங்கித் தந்தால்கூடப் பரவாயில்லை. இவர் கட்டப்போகிறாராம். சட்டம் ஒரு இடம், சக்கரம் ஒரு இடம், கியர் ஒரு இடம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து. அந்த வீட்டில் மாமனார் தேர்ந்தெடுத்த எதுவும் இதுவரை திருப்பி அனுப்பப்பட்டதில்லை, மாப்பிள்ளை உட்பட.

மாமனார் குடிநீர்க் குழாய்த் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேனாவைத் தவிர வேறு கருவியை அவர் கையில் பார்த்தவர் யாருமில்லை. ஓய்வுக்குப் பிறகு மலையேறும் சைக்கிள் குழு ஒன்றில் சேர்ந்து, மலைப்பக்கமே போகாமல் அதற்குத் தலைவரும் ஆகிவிட்டார். தலைவரின் மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டு தொப்பை வளர்ப்பது குழுவின் கௌரவத்துக்கு இழுக்கு என்று அவர் நினைத்தார். மலைச்சாலை பதினோரு கிலோமீட்டர். மாப்பிள்ளை அதை ஏறியே ஆகவேண்டும்.

சைக்கிள் கடை மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாமனார் பட்டியலை விரித்து வாசித்தார்.

"முன்னாடி பெரிய ரிங் அம்பத்துமூணு பல்லு, சின்னது முப்பத்தொம்பது. பின்னாடி பெருசு இருபத்தஞ்சு. அதுக்கு மேல ஒரு பல்லு கூடாது."

"மலைக்குன்னா பின்னாடி முப்பது போடலாம் சார். பல்லு கூடக்கூட மிதிக்கிறது லேசு. இவருக்கு..." ஸ்பேனர் மாப்பிள்ளையின் வயிற்றைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார்.

"முப்பதெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்கு. எங்க குடும்பத்துல யாரும் முப்பது போட்டதில்ல."

அந்தக் குடும்பத்தில் யாரும் கியர் வைத்த சைக்கிளே ஏறியதில்லை. இதை மாப்பிள்ளை மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டான்.

மாமனார் சட்டைப்பையிலிருந்து நகைக்கடைத் தராசு ஒன்றை எடுத்தார். அதற்கப்புறம் எல்லாமே கிராம்தான். சீட் லேசாகிப் பலகையாயிற்று. ஹேண்டில்பாரில் சுற்றுகிற பட்டை பாதியாகக் குறைந்தது. கடைசியில் சங்கிலி. ஸ்பேனர் அதை முன்னால் பெரிய ரிங்கிலும் பின்னால் பெரிய பல்வட்டத்திலும் சுற்றி அளந்து, வெட்டும் இடத்தைக் குறித்தார்.

"இன்னும் ரெண்டு கண்ணி எடுப்பா."

"எடுத்தா இழுத்துப் பிடிக்கும் சார். இருபத்தஞ்சுக்கே மட்டுமட்டு."

"எவ்வளவு குறையும்?"

"அஞ்சு கிராம்."

"எடு."

இரண்டு கண்ணியும் தட்டில் விழுந்தன. ஸ்பேனர் வேலைச் சீட்டில் 'வாடிக்கையாளர் விருப்பப்படி' என்று எழுதி, அடியில் கோடும் போட்டார். ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்குவது போலிருந்தது அது. மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். கிழவரின் கிராம் கஞ்சத்தனத்தில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டான்.

முதல் ஒத்திகை ஊர் மேம்பாலத்தில் நடந்தது. பாலத்தின் பாதியில் அவனை ஒரு தள்ளுவண்டி முந்திச் சென்றது. வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தான்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அவர் மனசு கஷ்டப்படும்" என்றாள் மனைவி.

"என் முட்டி கஷ்டப்படுது."

"முட்டி பேசாது. அப்பா பேசுவார். ஒரு மாசம் பேசுவார்."

கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். பின்சக்கரத்தில் மாட்டுகிற பல்லடுக்கை, கடைக்காரர்கள் கேசட் என்பதை, முப்பது பல்லில் பக்கத்து ஊர்க் கடையில் வாங்கினார்கள். ஸ்பேனரிடம் போயிருந்தால் சங்கதி சாயங்காலத்துக்குள் மாமனார் காதுக்குப் போயிருக்கும். மாமனார் கீழே செய்தி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பழைய பற்களைக் கழற்றிப் புதியதை மாட்டினான். வீடியோக்காரன், "இப்ப முக்கியமா சங்கிலி நீளத்தை..." என்று ஆரம்பித்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மனைவி போனை அணைத்தாள். செருப்பு போனபிறகு அந்த வீடியோவை மறுபடி போட இருவருக்குமே தோன்றவில்லை. பல் மாட்டியாயிற்று, சக்கரம் சுற்றுகிறது, வேறென்ன வேண்டும்.

ஞாயிறு காலை மலையடிவாரத்தில் மூடுபனி. வழியனுப்புவதற்கென்று ஸ்பேனரையும் வரச்சொல்லியிருந்தார் மாமனார். கொக்கித் தராசில் சைக்கிளைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"அறுபது கிராம் கூட இருக்கே."

மனைவி காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். மாமனார் குனிந்து சைக்கிளை முன்னும் பின்னும் நிதானமாகப் பார்த்தார். முப்பது பல்லும் அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பளபளத்தன.

"டயர்ல காத்து ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறினார்.

ஸ்பேனர் கண்ணுக்கு அது தப்பவில்லை. டயரை அமுக்கிப் பார்ப்பவர் போல உட்கார்ந்து, தலை தூக்காமல் பேசினார்.

"யார் மாத்தினது?"

"நான்தான். சொல்லிடாதீங்க."

"நான் சொல்லல. நீங்க கேட்டுக்குங்க. சங்கிலி இருபத்தஞ்சுக்கு வெட்டினது, அதுலயும் ரெண்டு கண்ணி கம்மி. முன்னாடி சின்ன ரிங்ல இருக்கிறவரைக்கும் ஒண்ணுமில்ல. பெரிய ரிங்ல இருந்துக்கிட்டுப் பின்னாடி கடைசிப் பல்லுக்கு, அந்த முப்பதுக்கு, தட்டினீங்கன்னா சங்கிலி எட்டாது. இந்தக் கியர் மாத்துற கையைப் பிச்சுச் சக்கரத்துக்குள்ள போட்டுடும். சக்கரம் அப்படியே நின்னுடும்."

"நின்னா?"

"நீங்க நிக்க மாட்டீங்க." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மாப்பிள்ளை சின்ன ரிங்கிலேயே ஏறினான். பின்னால் கார் அவன் மூச்சை முகர்ந்துகொண்டே வந்தது. மனைவி ஓட்ட, மாமனார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தார்.

"பெரிய ரிங் போடுங்க மாப்பிள்ளை."

"வரேன் மாமா."

"வரேன்னா? சொல்லிட்டுக் கிளம்ப இது என்ன வீடா? போடுங்க."

ஒருபக்கம் பாறை. மறுபக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் பனி. பனிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவனுடைய வலது கட்டைவிரல் கியர் நெம்புகோலைத் தொடவே பயந்தது. ஆறாவது கிலோமீட்டரில் கார் முந்திப்போய்க் குறுக்கே நின்றது. மாமனார் இறங்கினார். காற்சட்டையின் ஓரத்தைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டார்.

"இறங்குங்க. எப்படி ஏத்தணும்னு நான் காட்டறேன்."

"வேண்டாம் மாமா."

"ஏன்?"

இரண்டு வருஷத்தில் மாமனார் அவனிடம் ஏன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் ஒரே வாக்கியம். அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. காருக்குள்ளிருந்து மனைவி அவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள், இடமும் வலமுமாக. ஒரு மாசம் பேசுவார்.

"உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றான்.

அவர் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஏறினார். முதல் வேலையாகப் பெரிய ரிங்கைப் போட்டார். ஏழெட்டு மிதி கம்பீரமாகத்தான் இருந்தது. அப்புறம் சாலை வளைந்து செங்குத்தாயிற்று, முதுகு கூனியது. ஒரு கிளிக். பின்னால் சங்கிலி ஒரு வட்டம் மேலே ஏறியது. இன்னொரு கிளிக். மாப்பிள்ளை எண்ணினான். மலையில் வேறு சத்தமே இல்லை. இன்னும் இரண்டுதான் பாக்கி என்றபோது அவன் கால்கள் தாமாகவே ஓட ஆரம்பித்தன.

"மாமா, கடைசிப் பல்லுக்குப் போகாதீங்க."

"எனக்கே பாடமா மாப்பிள்ளை?"

"சங்கிலி பத்தாது மாமா. நான் பின்னாடி..."

கிளிக்.

"...முப்பது போட்டிருக்கேன்."

அந்தக் கடைசி இரண்டு சொல்லும் வெளியே வருவதற்குள் இன்னொரு கிளிக் கேட்டது. சங்கிலி கம்பி மாதிரி விறைத்தது. முருங்கைக் கிளை முறிகிற சத்தம். கியர்க் கை திருகிக்கொண்டு ஆரக்கம்பிகளுக்குள் போயிற்று; சக்கரம் நின்றது; மாமனார் நிற்கவில்லை. சுவர்ப் பக்கம் சாய்ந்து, தோள் முதலில் கல்லில் மோதி, அப்படியே சரிந்தார். சுவர் அவரைத் தாங்கியது. ஒரு சாண் தாழ்ந்திருந்தால் தாங்கியிருக்காது.

மனைவி கார்க் கதவைத் திறந்தபடியே விட்டு ஓடிவந்தாள். வலது கை பின்பக்கமாக, கை மடங்கக் கூடாத விதத்தில் மடங்கிக் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. சைக்கிள் அவர் முகத்துக்கு நேராக விழுந்திருந்தது.

"அப்பா, கையை அசைக்காதீங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

"பேசாம இரு."

"வலிக்குதா மாமா?"

அவர் இடது கையின் ஆள்காட்டி விரலை நீட்டிப் பின்சக்கரத்தின் பெரிய பல்வட்டத்தில் வைத்தார். உதடு மட்டும் அசைந்தது. விரல் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு நகர்ந்தது, அவசரமே இல்லாமல். இருபத்தைந்தைத் தொட்டபோது ஒரு கணம் நின்றது. பிறகு மேலே போயிற்று.