வெட்டாமல் விட்ட இடம்

ஹெட்போனை எப்படி மாட்டுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. நெற்றிக்குக் குறுக்கே தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அதைச் சரிசெய்து, இடது காதின் மேல் நன்றாக உட்காரும்படி அழுத்திவிட்டேன். வலது காது எப்போதோ போய்விட்டது. ஆயுசு முழுக்கத் தகடு அடிக்கும் பட்டறையில் நின்றவருக்கு இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்ததே பெரிய விஷயம். அதுவும் இந்த வருஷத்தைத் தாண்டாது, அப்புறம் மெஷின் வைத்தாலும் இரைச்சல்தான் கேட்கும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் சொன்னதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அதுக்குள்ள அவ குரல ஒரு தடவ கேக்க முடியுமா?"

அம்மா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. துணி காயப்போட மாடிக்குப் போனவள் ஈரத்துணியோடு சரிந்துவிட்டாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவள் குரல் எங்களிடம் எங்குமே இல்லை என்பது அப்பா கேட்ட பிறகுதான் எனக்கும் தம்பிக்கும் உறைத்தது. இருக்கிற செல்போன் எல்லாவற்றையும் கிண்டிப் பார்த்துவிட்டோம். காது கேட்காத மனிதர் இருக்கிற வீட்டில் எல்லாமே எழுத்துதான். 'வரும்போது பல்பு வாங்கி வா', 'சாப்பிட்டாயா', 'ஏன் பதில் இல்லை' என்று மலைமலையாகக் கிடக்கின்றன. அப்பா ஓய்வு பெற்ற அன்று பட்டறை வாசலில் அம்மா எடுத்த வீடியோ ஒன்று கிடைத்தது. நிமிர்ந்து நில்லுங்கள், இந்தப் பக்கம் பாருங்கள் என்பதையெல்லாம் அவள் கையாலேயே சொல்லியிருக்கிறாள். வீடியோ முழுவதும் அந்தக் கையின் நிழல் தரையில் ஆடுகிறது. சத்தம் என்று பார்த்தால் லாரி போகிற சத்தம்தான்.

ஊருக்கு மட்டும் குரலை வாரிக் கொடுத்திருந்தாள். பார்வையில்லாதவர்களுக்கான நூலகத்துக்குப் பாடப்புத்தகங்களை வாசித்து, அவர்கள் தந்த கருவியிலேயே பதிவு செய்து கொடுப்பது அவளுடைய மத்தியான வேலை. சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் சுவரெல்லாம் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியும் போடாமல், வேர்த்து வடிய உட்கார்ந்து வாசிப்பாள். அப்பா நடுவில் கூப்பிட்டால் பதில் குரல் கொடுக்க மாட்டாள். கொடுத்தும் பிரயோஜனமில்லை. வாக்கியத்தை முடித்துவிட்டு எழுந்து போய், அவர் கண்ணில் படுகிற மாதிரி வாசற்படியில் நிற்பாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர்தான் பதில்.

இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து அவளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ரத்தத்துக்கு அலைந்தபோது ஓடி வந்தாள் என்றார் ஒருவர். என் பிள்ளை பட்டம் வாங்கியதே அவளால்தான் என்றாள் ஒருத்தி. தியாகம், சேவை, புன்னகை என்று வார்த்தைகள் அது பாட்டுக்குக் கொட்டின. எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா ஒன்றும் கேட்காமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட இடங்களில் அம்மா அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, மேடையில் ஒருவர் நீட்டி முழக்குவதை இரண்டே வார்த்தையாக்கிக் காதில் போடுவாள். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அப்பா தனியாகச் சிரிப்பார். அன்று அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. "உங்க அம்மாவப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார். நல்லபடியாகச் சொன்னார்கள் என்று எழுதிக் காட்டினேன்.

அதனால்தான் இன்று இந்த நூலகம். நூலகருக்கும் பார்வை கிடையாது. "புஸ்தகம்மா வீடா? உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று சுவரைத் தடவாமலே நடந்து, எங்களைக் கணினி முன்னால் உட்கார வைத்தார். அம்மாவுக்கு இங்கே இப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது.

"எந்தப் பாடம் வேணும்? மண்ணியல், வணிகம், சட்டம், எல்லாம் இருக்கு" என்றார்.

"பாடம் எதுவா இருந்தாலும் சரிங்க. நடுவுல அவங்க சாதாரணமாப் பேசின மாதிரி ஏதாவது..."

"அய்யோ, அதெல்லாம் இருக்காதும்மா." அவர் முகத்தில் தொழில் பெருமை தெரிந்தது. "குக்கர் சத்தம், இருமல், 'கேஸா, அங்கயே வெச்சிட்டுப் போப்பா', எல்லாம் வரும். வீட்லேர்ந்து பதிவு பண்றவங்கதான? படிக்கிற பசங்களுக்கு எடஞ்சலா இருக்கும்னு ஒண்ணொண்ணா உக்காந்து வெட்டிருவேன். உங்க அம்மா ஃபைல்ல ஒரு பெருமூச்சுகூடக் கெடைக்காது."

"வெட்டினதெல்லாம்?"

"அழிச்சிருவோம். எடம் ஏது?"

நான் பேசாமல் இருந்தேன். முகத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதுவே போதுமாக இருந்தது. "தப்புப் பண்ணிட்டேனாம்மா?" என்றார் தணிந்த குரலில். இல்லை என்றேன். அந்த மனிதர் என்ன செய்வார்? அம்மாவை வெட்டி எறிந்துவிட்டு மண்ணியலைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். அதுதான் அவருடைய வேலை.

பாடம் ஓடத் தொடங்கியது. சத்தத்தைக் கடைசி வரை கூட்டியிருந்ததால் ஹெட்போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. "மண் அரிப்புக்கான காரணங்களை இனிக் காண்போம்." நிதானமான, தாழ்ந்த குரல். ஜுரத்தில் கிடக்கும்போது நெற்றிக்கு மேலே கேட்கும் குரல். அப்பா புருவத்தைச் சுருக்கினார்.

"யாரு இது?" அந்தச் சின்ன அறைக்கு அவர் குரல் மிகவும் பெரியது.

ஹெட்போனைத் தூக்கி, "அம்மாதாம்ப்பா" என்றேன் காதுக்குள்.

"இல்ல. அவ இப்படிப் பேச மாட்டா."

அவர் சொன்னது சரிதான். அவரிடம் அம்மா இப்படிப் பேசியதே இல்லை. "மாத்திர", "மழை வருது", "மெதுவா" என்று தொண்டை நரம்பு புடைக்க, ஒற்றை ஒற்றை வார்த்தையாகக் கத்துவாள். புதிதாகக் குடிவருகிறவர்கள் புருஷனும் பெண்டாட்டியும் ஓயாமல் சண்டை போடுகிறார்கள் என்றே நினைப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து கூடவே இருந்தும் இந்தக் குரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை அப்பாவும் புரிந்துகொண்டார் என்பது அடுத்து அவர் கேட்டதில் தெரிந்தது.

"உங்ககிட்டயெல்லாம் இப்படித்தான் பேசுவாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். தலையாட்டிவிட்டேன்.

"நல்லாருக்கு" என்றார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாரோ வேற்றுப் பெண்ணின் பொருளைத் தொட்டுவிட்டவர்போல அதிலிருந்து கையை எடுத்தார். கிளம்பலாம் என்று அவர் சொல்வதற்கு முன்னால் நூலகர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு எடம் மட்டும் வெட்டல. மொதல்ல தவறி நின்னுபோச்சு, அப்புறம் வெட்டப் போனா பசங்க வேணாம்னு கெஞ்சினாங்க. அது எப்ப வரும்னு காத்துட்டிருந்தே அந்தப் பாடத்தக் கேப்பாங்க. அய்யா தப்பா எடுத்துக்க மாட்டாருன்னா போடுறேன்."

அப்பாவுக்கு ஹெட்போனை மறுபடி மாட்டிவிட்டேன். அம்மா வாசித்துக்கொண்டே வந்தாள். "மலைச் சரிவுகளில் குறுக்கே வரப்புகள் அமைத்து..." அங்கே நின்றாள். சுவருக்கும் போர்வைகளுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய குரல் வந்தது. "எங்க இருக்க? ஏம்மா, எங்க இருக்க?" அப்பாவின் குரல். அதற்குப் பின் கொஞ்சம் அமைதி. அம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். "வரப்புகள் அமைத்து நீரின் வேகத்தைக் குறைக்கலாம்."

அவ்வளவுதான். நூலகர் சிரித்துக்கொண்டிருந்தார். பாசத்தோடுதான் சிரித்தார்.

அப்பா இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்திருந்தார். "நான்தான். மறுபடியும் போடச் சொல்லு." நூலகர் போட்டார். இன்னொரு முறையும் போட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் கூப்டதுக்கு அவ என்ன சொன்னா? அந்த எடம் மட்டும் எனக்குச் சரியா கேக்கல."

அவர் காதருகே குனிந்தேன். இடது காதின் மேல் ஹெட்போனை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டேன்.

"பரவால்ல, மறுபடியும் போடு" என்றார். நூலகர் விசையைத் தட்டினார். சரிவு வந்தது, வரப்பு வந்தது, பிறகு எங்க இருக்க, ஏம்மா எங்க இருக்க என்ற அப்பாவின் குரல் ஹெட்போனிலிருந்து கசிந்து அறையில் கேட்டது. அப்பா கண்ணைத் திறந்து, தலையை நிமிர்த்தி, வாசற்படியைப் பார்த்தார்.