கழுதை எழுந்து ஓடிவிட்டது

ஹராருக்குள் நுழையவே வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

"ஜிஜிகா பஸ் நாலு மணிக்குத்தான்டா. அதுவரைக்கும் ஸ்டாண்டுல உக்காந்து ஈ ஓட்டவா? மதில் கட்டின பழைய ஊரு. ஒரு வாசல்ல நுழைஞ்சு இன்னொரு வாசல்ல வெளிய வந்துருவோம்" என்றான் ஹைரெதீன்.

கொம்பொல்சாவில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு நாடு பார்க்கக் கிளம்பி அன்று பன்னிரண்டாவது நாள். பன்னிரண்டு நாளும் அவன் இழுத்த இழுப்புக்குத்தான் போனேன். அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கத்தை விட்டே ஓடிவிட்டால் போதும் என்றிருந்தது.

விடியற்காலையில் நடந்ததுதான் காரணம். போதைக்கு மெல்லும் சாட் இலை ஏற்றி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய பிக்கப் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவருக்குக் கண் சொருகியது. "நகருங்கண்ணே, நான் ஓட்றேன்" என்று ஹைரெதீன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். ஓட்டத் தெரியும், லைசென்ஸ் கிடையாது. நான் பின்னால் காலிச் சாக்குகளின்மேல் கிடந்தேன். மலைமேல் பனி, நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவடாய் ஊருக்கு முந்தின வளைவில் தொம்மென்று ஒரு சத்தம். வண்டி ஒரு ஆட்டம் ஆடியது.

"கழுதை. நிறுத்தாத, போ" என்றான் டிரைவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் ஒரு கைத்தடி கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு பச்சைச் செருப்பு. அதற்கும் தள்ளி வெள்ளையாக ஏதோ. அதற்குள் பனி மூடிவிட்டது. எந்த ஊர்க் கழுதை செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கும்?

"எழுந்துச்சாடா நூரு?" என்று முன்னாலிருந்து கத்தினான் ஹைரெதீன்.

"எழுந்து ஓடிருச்சு" என்றேன்.

நிறுத்தியிருந்தால் ஊர்க்காரர்கள் அவனை அங்கேயே அடித்துக் கொன்றிருப்பார்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் தோலைப் பற்றியும் நினைத்தேன், பொய் எதற்கு.

ஹரார் எல்லையில் எங்களை இறக்கிவிட்ட டிரைவர், இலைக்கட்டுச் சாக்கு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து பம்பரைத் தேய் தேயென்று தேய்த்தான்.

"கழுதைக்கா இத்தனை தேய்ப்பு?" என்று சிரித்தான் ஹைரெதீன். பிறகு முகம் வாடிவிட்டது. "பாவம்டா, யாரோட கழுதையோ. காலு கீலு உடைஞ்சிருக்குமோ?"

"ஓடிருச்சுன்னு சொன்னேன்ல. சும்மா நொய்நொய்ங்காத."

சமோசா வாங்கினான், காபி குடித்தான், தையல் மெஷின்கள் கடகடக்கும் தெருவில் ஒரு கிழவரிடம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டான். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. வெள்ளை உடுத்திய ஒவ்வொரு ஆளும் எதிரே வரும்போது சுவரோடு ஒட்டி நின்றேன். மத்தியானத் தொழுகை முடிந்த நேரம், பச்சைச் சுவர்ச் சந்து ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நடந்தால் தோள் உரசும் சந்து. கீழிருந்து கலிமா சொல்லும் குரல்கள் ஏறி வந்தன. பின்னாலேயே இறந்தவரைக் கிடத்திப் பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கு, ஆட்களின் தோள்மேல்.

நம்மவர்களிடம் இதற்கு இரண்டாம் பேச்சு கிடையாது. ஜனாஸா எதிரே வந்தால் தெரிந்தவனோ தெரியாதவனோ, தோள் கொடுத்து நாலு எட்டாவது நடக்க வேண்டும். ஹைரெதீன் பையைக் கழற்றி என்மேல் போட்டான்.

"வேணாம்டா, பஸ்ஸு..." என்று கையைப் பிடித்தேன்.

"வெக்கமா இல்ல உனக்கு?" என்று உதறிவிட்டுச் சந்தூக்குக்கு அடியில் நுழைந்துவிட்டான்.

நாலு எட்டில் மாற்றிவிட அந்தச் சந்தில் இடமில்லை. மதில் வாசல்வரை அவனேதான் சுமந்தான். நான் இரண்டு பைகளோடு பின்னால் திணறிக்கொண்டு போனேன். அவனுக்கு முன்னால் தூக்கிய ஆள் பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டே நடந்தார்.

"விடியக்கால சுபுஹ் தொழுதுட்டுத் தோட்டத்துக்கு நடந்து போயிருக்காரு மனுஷன். அவடாய் வளைவுல ஏதோ வண்டி அடிச்சிருக்கு. நாசமாப் போறவன், நிக்கக்கூட இல்ல."

"உடனேயா போயிட்டாரு?"

"எங்க? அரை மணி நேரம் உசுரு இருந்துச்சாம். தூக்கத்தான் ஆளில்ல."

ஹைரெதீனின் கால் ஒரு எட்டு தப்பியது. சந்தூக்கு சாய்ந்தது. "பாத்து தம்பி, பாத்து" என்று யாரோ முட்டுக் கொடுத்தார்கள். அவன் கழுத்தை ஒடித்துத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் நான் சாக்குமேல் படுத்திருந்தேன்.

மதிலுக்கு வெளியே கபர் தோண்டித் தயாராக இருந்தது. தொழுவித்து முடித்ததும் இறந்தவரின் மகன் தலைமாட்டில் வந்து நின்றான். எங்கள் வயதுதான் இருக்கும். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"எங்க வாப்பா தெரிஞ்சோ தெரியாமலோ உங்கள்ல யாருக்காவது கெடுதல் பண்ணியிருந்தா, அவர மன்னிச்சிருங்க. மன்னிச்சுட்டோம்னு எல்லாரும் வாயால சொல்லுங்க."

"மன்னிச்சுட்டோம்" என்றது கூட்டம். நானும் சொன்னேன். மற்றவர்களைவிட உரக்கவே சொன்னேன்.

மூன்று தடவை கேட்பது வழக்கம். மூன்று தடவையும் ஹைரெதீனின் வாய் அசையவில்லை. அவன் கபருக்குப் பக்கத்திலேயே நின்றதால் எல்லோருக்கும் அது தெரிந்தது. ஒருவன் மன்னிக்காவிட்டாலும் அந்தப் பாவத்தின் பாரம் இறந்தவர் தலையில்தான். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஓரமாகப் போய் அவன் சட்டையை இழுத்தேன்.

"சொல்லித் தொலைடா. ஒரு வார்த்தை. சொல்லிட்டு வா, போயிரலாம்" என்று காதுக்குள் கெஞ்சினேன்.

அதற்குள் மகன் எதிரே வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க மட்டும் சொல்லல. எங்க வாப்பா உங்களுக்கு என்ன பண்ணாரு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அவருக்காக நான் உங்க கால்ல விழுறேன்."

சொன்னபடியே குனியவும் போனான். ஹைரெதீன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"அவரு ஒண்ணும் பண்ணல தம்பி. அவர மன்னிக்க நான் யாரு? அந்த வண்டிய ஓட்டுனது நான்தான்."

கபர் தோண்டியவர்கள்கூட மண்வெட்டியோடு நிமிர்ந்து பார்த்தார்கள். மகன் கையை விடவில்லை. அவனுக்கு இன்னும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

"அப்ப ஏண்ணே நிக்கல?" என்று மட்டும் கேட்டான்.

ஹைரெதீன் என் பெயரைச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

மதில் வாசல் என் முதுகுக்குப் பின்னால் இருபது எட்டில் இருந்தது. இரண்டு பைகளும் என் தோளில் தொங்கின. நான் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"பைய கீழ வை, நூரு" என்றான் ஹைரெதீன்.