குட்டிச்சுவரில் நிற்கும் வண்டி

அந்தத் தபால் ஆபீசில் ஒரு காலத்தில் நடக்க இடம் இருந்தது. இப்போது போய்ப் பாருங்கள், வாசலிலிருந்து மேஜை வரைக்கும் பெட்டிகள்தான். செருப்பு, சட்டை, பூனைக்கு மெத்தை, கூப்பிடு தூரத்துக் கடையில் கிடைக்கிற சோப்பு. ஊரே போனில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறது. தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு மட்டும் இன்னும் இரண்டு கைதான்.

அங்கே தபால்காரரான நடைக்காரருக்கு அந்தப் பெட்டிகளைக் கண்டாலே ஆகாது. சைக்கிள் கொடுத்தபோதே வேண்டாம் என்று சொல்லி நடராஜா சர்வீஸில் கிளம்பியவர், அதனால் ஆபீசில் அவருக்கு அந்தப் பெயர். பெட்டிகள்தான் தன்னிடமிருந்து மாப்பிள்ளையைப் பிரித்துவிட்டன என்பது அவருடைய கட்சி.

மாப்பிள்ளை என்றால் தங்கை புருஷன். ஆனால் அதற்கு முன்பே அவன் அடுத்த பீட்டுத் தபால்காரன். இவருடைய கடைசித் தெரு முடிகிற இடத்தில் அவனுடைய முதல் தெரு ஆரம்பிக்கும். நடுவில், யாரோ வீடு கட்டத் தொடங்கிக் கைவிட்ட ஒரு குட்டிச்சுவர். காலையில் பிரிக்கும்போது மாறிப்போன கடிதங்களை மதியம் அங்கே வைத்துக் கைமாற்றிக்கொள்வார்கள். ஆபீசுக்குச் சொன்ன காரணம் அது. கடிதம் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? மிச்ச நேரமெல்லாம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர் வம்புதான். எந்த வீட்டு நாய் சங்கிலியை அறுத்தது, எந்த வீட்டுப் பெண் பரீட்சையில் தேறினாள், எந்தக் கிழவர் தன் பெயருக்குத் தானே வாழ்த்து அட்டை அனுப்பிக்கொள்கிறார் என்று பேசிச் சிரித்துப் புரையேறும்.

"குட்டிச்சுவர்ல உக்காந்து உக்காந்து ரெண்டு பேரும் குட்டிச்சுவராப் போகப்போறீங்க" என்பாள் நடைக்காரரின் மனைவி.

சம்பந்தம் பேசியதும் அந்தச் சுவரில்தான். சில நாளாகவே அவன் சாப்பிடாமல் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டதற்கு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உன் பீட்டு விலாசத்துல ஒருத்தங்க இருக்காங்க. அவங்களை நிரந்தரமா என் விலாசத்துக்கு ரீடைரக்ட் பண்ண முடியுமா?" என்றான். இவருக்கு விளங்கவே சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் தபால் பையாலேயே அவன் முதுகில் ஒன்று வைத்தார். அன்றிலிருந்து அவன் மாப்பிள்ளை, இவர் மச்சான். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அப்போது அது தெரியவில்லை. மதியமானால் சுவரில் வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் பெட்டிகள் வந்தன. முதலில் பையோடு ஒன்றிரண்டு, பிறகு பையைவிடப் பெரிதாக, பிறகு பை எதற்கு என்று கேட்கிற அளவுக்கு. ஆபீசில் பார்சல் வண்டி வாங்கினார்கள், ஓட்ட ஒருவரும் கூடத் தூக்க ஒருவரும் கேட்டார்கள். போவதில்லை என்று இருவரும் சுவரில் உட்கார்ந்து கையடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே அறிவிப்புப் பலகையில் மாப்பிள்ளையின் பெயர்.

"தோள் விட்டுப்போச்சு மச்சான். சைக்கிள்ல இத்தனை பெட்டிய வச்சுத் தள்ள முடியல" என்றான்.

"பெட்டி தூக்கப் போறவன்லாம் தபால்காரனே கிடையாது. போ" என்றார் இவர், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி.

அதோடு முகம் கொடுத்துப் பேசுவது நின்றது. நடைக்காரர் தன் பீட்டையே திருப்பிப் போட்டுக்கொண்டார். கடைசித் தெருவைக் காலையிலேயே முடித்துவிட்டு ஆபீஸ் பக்கமாக நடந்து வந்துவிடுவார். மதியம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. தங்கை போன் செய்து, "அண்ணா, அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவே?" என்பாள். "உன் புருஷன் பறந்துகிட்டு இருக்கார்மா. நின்னு பேச அவருக்கு ஏது நேரம்?" என்று குத்தலாகச் சொல்லி வைத்துவிடுவார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. வீம்புக்கு வயதாவதில்லை.

ஒரு நாள் மதியம் நெருங்கும்போது மேலதிகாரி அவரை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், தலைக்கு மேல் அழுத்தம். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரையில் தெருப் படம், அதில் வண்டி போன வழி பச்சைக் கோடாக ஓடியது. ஓரிடத்தில் மட்டும் சிவப்புப் புள்ளி.

"உங்க மாப்பிள்ளை வண்டிங்க இது. தினமும் மதியம் இங்க நின்னுடுது. இடைவேளைய ஆபீஸ்ல எடுக்கணும்னு சட்டம். எழுதிக் கேட்டாச்சு, பதில் இல்ல. மேலேருந்து என்னைப் பிடுங்கறாங்க. இன்னிக்கும் நின்னா வண்டியப் பிடுங்கிட்டு அவரை மூட்டை இறக்கற ஷெட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. அந்தத் தோளோட அங்க ஒரு மாசம் தாங்க மாட்டார். உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. அங்க அப்படி என்னதான் இருக்கு?"

நடைக்காரர் குனிந்து பார்த்தார். தெருக்களை மேலிருந்து பார்த்துப் பழக்கமில்லை. இருந்தாலும் நடந்து தேய்த்த தெருவாயிற்றே, அடையாளம் தெரியாமல் போகுமா? புள்ளி குட்டிச்சுவரின் மேல் இருந்தது.

"எத்தனை நாளா நிக்குது சார்?"

"வண்டி வாங்கின நாள்லேருந்து."

நடைக்காரர் நிமிர்ந்தார். விறுவிறுவென்று வெளியே வந்தார். பையைத் தோளில் மாட்டவும் மறந்து, காலில் சக்கரம் கட்டியதுபோல் நடந்தார்.

வண்டி அங்கே நின்றிருந்தது. சுவரை ஒட்டி, அதன் பாதி நீளத்துக்கு வெயில் படாமல் மறைத்தபடி. மாப்பிள்ளை சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவர் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு வருடத்தில் தலை நிறைய நரைத்திருந்தது. பக்கத்தில் உட்காரும் இடத்தைத் துடைத்து வைத்திருந்தான். மச்சானைப் பார்த்ததும் வாயில் இருந்ததை விழுங்க மறந்தான்.

"ஏன்டா, வேற இடமே கிடைக்கலியா உனக்கு? ஆபீஸ்ல போய்ச் சாப்பிட்டா என்ன?"

"ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் நீ வருவே. அன்னிக்குன்னு பார்த்து நான் இல்லாமப் போயிட்டா?"

நடைக்காரருக்கு எதிரே இருந்த தெரு கலங்கித் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துடைத்து வைத்த இடத்தில் உட்கார்ந்தார். வண்டிக்குள் இருந்த கருவி, நின்றது போதும் கிளம்பு என்று கூவ ஆரம்பித்தது. மாப்பிள்ளை பதறி எழுந்தான்.

"கத்தட்டும், உக்காரு. வண்டிக்கு ரெண்டாவது ஆள் கேட்டுக்கிட்டே இருந்தாங்களே, யாராவது வந்தாங்களா?"

"எவன் வருவான்?"

"என் பேரை எழுதச் சொல்லு. ரெண்டு பேர் தூக்கினா வேலை சீக்கிரம் முடியும், ஆபீஸ்லயே உக்காந்து சாப்பிடலாம். இன்னிக்கு நின்னதுக்கும் சேத்து அதிகாரிகிட்ட நான் பேசிக்கறேன்."

"வேணாம் மச்சான். நடக்காம உன்னால ஒரு நாள் இருக்க முடியாது."

"சும்மா இருடா. இந்த ஒரு வருஷமா தபால் குடுக்கவா நடந்தேன்? உன்னைப் பாக்காம இருக்கத்தான் நடந்தேன்."