கைப்பிடி எந்தச் சுவரில்

முப்பது வருஷத்துப் பழைய குளியலறையை இருபது நாளில் இடித்துக் கட்டித் தர முடியுமா என்று கேட்டேன். மேஸ்திரி, "முடியாதும்மா" என்றார். "முடியணும்" என்றேன். என் பேச்சு எப்போதும் அப்படித்தான். இருபத்தோராம் நாள் என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். அதற்குள் முடியாவிட்டால் மனிதர் எங்கே குளிப்பார்?

பக்கவாதம் வந்து அவருடைய இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. ஐம்பது நாள் பயிற்சியில் கால் கொஞ்சம் ஊன்றத் தொடங்கியது. கை எழவே இல்லை. பேச்சு குழறும், ஆனால் புரியும். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் உட்காரப் பலகையும் இருந்தால் அவரே குளித்துக்கொள்வார் என்று பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். அங்கே தினமும் வலது கையால் கம்பியைப் பிடித்து, திரும்பி, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பழகினார். வேர்த்துக் கொட்டும். விடமாட்டார்.

அவர் கூச்சக்காரர். கல்யாணமான இந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூட ஈரத் துண்டோடு வெளியே வந்ததில்லை. உள்ளேயே முழுதாக உடுத்தி, தலை வாரி, ஆபீசுக்குக் கிளம்பியவர் மாதிரிதான் கதவைத் திறப்பார். "உள்ள என்ன கோட்டையா கட்டுறீங்க?" என்று நான் வெளியே நின்று கத்துவேன். அப்படிப்பட்டவரை ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு பையன் தினமும் குளிப்பாட்டினான். முடியும்வரை அவர் கண்ணைத் திறக்கமாட்டார்.

ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்கு வந்தா... குளியல் மட்டும் நானே. அதுக்கும் நீதான்னா, நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"சரிங்க" என்றேன். அன்று மாலையே மேஸ்திரியைப் பிடித்தேன்.

எங்கள் தெருவில் அந்த மேஸ்திரியை ரசமட்டம் என்றுதான் சொல்வார்கள். நீர்க்குமிழி ஓடுகிற அந்தச் சின்ன மட்டக்கோலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீ குடிக்க உட்காரும் பெஞ்சைக்கூட ஒருதரம் சோதித்துப் பார்க்கிற ஆள். வேலை சுத்தம். கேள்விதான் அதிகம். எனக்கோ கேள்வி கேட்டால் பிடிக்காது.

குளியலறையின் கோலத்தைச் சொல்ல வேண்டும். வாசலில் ஒரு சாண் உயரத்துக்குப் படி. ரோஜா நிறத்தில் டைல்ஸ். தட்டினால் பாதி பொக்கென்று சத்தம் கொடுக்கும். மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த மூலையில், முழங்கால் உயரத்தில் ஒரு குளியல் தொட்டி. வீட்டை எங்களுக்கு விற்றவர் எந்த ஆசையில் வைத்தாரோ, எங்கள் வீட்டில் அதில் ஒருவரும் குளித்ததில்லை. திரைச்சீலை ஊறவைக்கத்தான் உதவியது.

தொட்டியை நாலாக உடைத்து வெளியே எடுத்தார்கள். வாசல் படியைச் செதுக்கித் தரையோடு தரையாக்கினார்கள். கதவைப் பக்கவாட்டில் தள்ளித் திறப்பது மாதிரி மாற்றினோம். தொட்டி இருந்த மூலையில் பின்சுவரோடு சேர்த்து உட்காரும் பலகை. அதில் உட்கார்ந்தால் முகம் வாசலைப் பார்க்கும். ஒரு பக்கச் சுவருக்குள் பைப் ஓட்டி, குழாயும் கையில் பிடிக்கிற ஷவரும் வைத்தார்கள். சுவர் முழுக்கப் புது டைல்ஸ், வழுக்காத தரை. நானும் சும்மா இருக்கவில்லை. சிமெண்ட் காயும் முன்பே "காஞ்சுதா, காஞ்சுதா" என்று அரித்தேன்.

பதினெட்டாம் நாள் கைப்பிடி வந்தது. ரசமட்டம் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஐயாவுக்கு எந்தக் கைம்மா வரும்?"

"வலது கை."

"அப்ப யாராவது ஒருதரம் பலகைமேல உக்காந்து பாத்துட்டு..."

"உக்காந்து பாக்க இது என்ன சினிமா தியேட்டரா? இங்க போடுங்க." பலகைக்கு எதிரே போய் நின்றேன். என் வலது கையை நீட்டிச் சுவரில் வைத்தேன். "இதோ, இந்த உயரம்."

அவர் சுவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க நிக்கிறது வந்து..."

"மேஸ்திரி, ஐம்பது நாளா அந்தக் கையைப் பாத்துக்கிட்டு இருக்கிறவ நான். உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவர் துளைக்கருவியை எடுத்தார். துளை போட்டு, மட்டம் பார்த்து, முறுக்கினார். தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிக் காட்டினார். அசையவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இருபத்தோராம் நாள் காலையில் என் கணவர் வந்தார். கூடத்தில்கூட உட்காரவில்லை. வலது கையில் தடியை ஊன்றி நேரே குளியலறைக்குப் போனார். வாசலில் நின்று ஒருதரம் முழுக்கப் பார்த்தார். படி இல்லாததைத் தடியால் தடவிப் பார்த்துச் சிரித்தார். நோய் வந்தபிறகு அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

"நீ போ" என்றார். கதவைத் தானே தள்ளி மூடினார்.

நான் போகவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். தடி விழுந்த சத்தம் கேட்டது. "என்னங்க?" என்றேன். "வராத" என்றார். பிறகு ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் விழவில்லை. எவ்வளவு நேரமோ, எனக்கு ஒரு யுகம்.

"வா" என்றார்.

பலகையில் உட்கார்ந்திருந்தார், சட்டைகூடக் கழற்றவில்லை. அவருடைய செத்த கை மடியில் கிடந்தது. அதற்கு மேலே, அந்தப் பக்கச் சுவரில், பளபளவென்று என் கம்பி. அவருடைய வலது உள்ளங்கை எதிர்ப்பக்கத்துக் குழாய்ச் சுவரில், வெறும் டைல்ஸ்மேல் இருந்தது. பாரம் தாங்க ஒரு பிடி இல்லாமல் அங்கேயும் இங்கேயும் வழுக்கிக்கொண்டிருந்தது.

ஐயோ. நான் நின்ற இடத்தில் அவர் எப்படி இருப்பார்? அவர் உட்காருகிறவர். என்னைப் பார்த்து உட்காருகிறவர். என் வலது கை தொட்ட சுவர் அவருக்கு இடது பக்கம். ஒரு பச்சைக்குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"விடு, பரவாயில்ல" என்றார். "நீயே ஊத்து."

ஊற்றினேன். வேறென்ன செய்ய? சட்டையைக் கழற்றும்போதே கண்ணை மூடிக்கொண்டார். முதுகுக்குச் சோப்பு போட்டேன். காலுக்குப் போடக் குனிந்தபோது என் மூட்டு வலித்தது. என்னையறியாமல் கையை நீட்டினேன், கம்பி கச்சிதமாகக் கையில் வந்து உட்கார்ந்தது. இத்தனை பொருத்தமாக என் வீட்டில் எதுவும் எனக்கு அமைந்ததில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இருபது நாளும் மனசுக்குள் அவரை நானே குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வாயால் "சரிங்க" என்று சொன்னேனே தவிர, அவரால் முடியும் என்று நான் நம்பவே இல்லை. அவர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதேன். அவர் கண் மூடியிருந்ததால் பார்க்கவில்லை.

துவட்டி, உடுத்திவிட்டு, ரசமட்டத்தைக் கூப்பிட்டேன். வந்தார். பார்த்தார். 'அன்றைக்கே சொன்னேனே' என்று அவர் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி ஆறியிருப்பேன். அவர் சொல்லவில்லை.

"ஐயாவோட வலப்பக்கச் சுவருக்குள்ள பைப் ஓடுதும்மா. டைல்ஸை உடைச்சு, பைப்பை மாத்தி, மறுபடி பூசணும். அஞ்சு நாளாவது ஆகும்."

"உடைங்க. தப்பு என்னோடது மேஸ்திரி."

"வேண்டாம்" என்றார் கணவர் வாசலில் நின்று. "புதுசு. பழகிக்கலாம்."

"நீங்க பழக வேண்டாம். உள்ள வாங்க, உக்காருங்க. எங்க வேணும்னு நீங்களே காட்டுங்க."

தயங்கினார். பிறகு வந்து உட்கார்ந்தார். வலது கையைத் தூக்கினார், கொஞ்சம் இறக்கினார், முன்னால் நகர்த்தினார். எழப்போவது மாதிரி குனிந்து பார்த்து மறுபடி மாற்றினார். நான் வைத்த உயரத்துக்கு ஒரு சாண் கீழே, ஒரு முழம் முன்னால் போய்க் கை நின்றது. இது எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும். ரசமட்டம் பென்சிலால் அந்த விரல்களைச் சுற்றிக் கோடு போட்டார்.

கோடு போட்டு முடித்தும் என் கணவர் கையை எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு தலையைத் திருப்பினார். கோடு போட்டவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

நெஞ்சில் யாரோ கடப்பாரையை இறக்கின மாதிரி இருந்தது.

"உங்க கைங்க அது" என்றேன். "என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து கதவை இழுத்து மூடினேன்.