பராக்குக் கோஷ்டி

அந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையின் மேனேஜருக்குக் கடைக்கு வருகிறவர்களைக் கண்டாலே ஆகாது. டாக்டருக்கு நோயாளியைப் பிடிக்காத கதைதான். ஆனாலும் கொஞ்சம் நியாயம் அவர் பக்கமும் இருந்தது. வருகிற ஜனம் அப்படி. டிவி முன்னால் நின்று ஜாணால் அளப்பார்கள். சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள், குறைக்கச் சொல்வார்கள், பின்பக்கம் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று குனிந்து பார்ப்பார்கள். விற்கிற பையன் தொண்டைத் தண்ணீர் வற்ற எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும், விலைச்சீட்டை மட்டும் பக்குவமாகப் படம் பிடித்துக்கொண்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று கம்பி நீட்டிவிடுவார்கள். வீடுவரைகூடப் போகமாட்டார்கள். வண்டி நிறுத்தும் இடத்திலேயே நின்று அதே டிவியை ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அடுத்த வாரம் அதே ஆள் வந்து, சுவரில் மாட்டுவதற்கு நாலு ஸ்க்ரூ சும்மா கிடைக்குமா என்று வெட்கமில்லாமல் கேட்டதும் உண்டு.

இவர்களுக்கெல்லாம் மேனேஜர் வைத்த பெயர் பராக்குக் கோஷ்டி. கடைப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் டீப் ஃப்ரீசர். யார் எதைக் கேட்டாலும் முதலில் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை, அப்புறம் "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒரு கேள்வி. இன்வெர்ட்டர் ஏசி நல்லதா என்று கேட்டால், இன்வெர்ட்டர் என்றால் உங்களுக்கு என்ன தெரியும் என்பார். கேட்டவர் முகம் சுண்டிப்போய் நகர்ந்துவிடுவார். பிறகு அவரும் ஆன்லைனுக்குப் போய்விட்டார் என்று மேனேஜர் கணக்கில் எழுதிக்கொள்வார்.

வீட்டிலும் இதே பார்வை, இதே கேள்விதான். மனைவி என்பதால் மரியாதை மட்டும் குறைந்து, "உனக்கு என்ன தெரியும்?" என்று வரும். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். உங்கள் கடையிலேயே ஒன்று எடுங்களேன் என்று அந்த அம்மாள் கேட்காத நாள் இல்லை. எங்கள் கடையில் வாங்குகிறவன் கேணையன், ஆன்லைனில் தள்ளுபடி போடட்டும், பார்க்கலாம் என்பார் மேனேஜர். கடைக்கு வந்தவர்கள் மேல் எரிந்து விழுந்ததற்கும் இதற்கும் என்ன பொருத்தம் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

முதலாளிக்கு நகரத்தில் இரண்டு கிளைகள். பெரியவர் உடம்பு முடியாமல் உட்கார்ந்தபின் மகன் பொறுப்புக்கு வந்திருந்தான். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன், சனிக்கிழமை மதியம் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அந்தச் சின்ன முதலாளியிடமிருந்து தகவல் வந்ததும் மேனேஜருக்குக் குலை நடுங்கியது. கடை போனால் அவர் கதி அம்பேல். தலை நரைத்த வயதில், அதுவும் இந்த முகத்தோடு போனால், எந்தக் கடை கூப்பிட்டு நாற்காலி போடும்? கூடம் என்னவோ ஒரு விமானத்தை நிறுத்தி வைக்கலாம் போல இருந்தது. அதில் மத்தியான வேளையில் நடமாடுவது ஏசிக் காற்று ஒன்றுதான். மாதாமாதம் தலைமை அலுவலகத்துக்கு அவரும் ஒரே பல்லவியைத்தான் பாடிக்கொண்டிருந்தார்: ஆளே வருவதில்லை, எல்லாம் ஆன்லைன் செய்த வேலை.

ராத்தூக்கம் கெட்டு யோசித்ததில் ஒரு யோசனை உதித்தது. மறுநாள் காலையில் கடைப் பிள்ளைகளைக் கூட்டி நிறுத்தி அதைச் சொன்னார். சனிக்கிழமை அவரவர் சொந்தபந்தங்களை அழைத்து வர வேண்டும். சித்தப்பா, பெரியம்மா, மாமியார், ஓரகத்தி, யாராக இருந்தாலும் சரி. உள்ளே வந்தபின் யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. சுற்றிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். எல்லாரும் இளித்துக்கொண்டு நின்றால் பொய் என்று தெரிந்துவிடும், அதனால் ஆங்காங்கே ரெண்டு குறையும் சொல்ல வேண்டும்.

வருகிறவர்களில் யாராவது நிஜமாகவே வாங்க ஆசைப்பட்டால் என்ன செய்வது என்று மொபைல் பிரிவுப் பெண் கேட்டாள். உங்கள் சொந்தக்காரர்களா, வாங்குவதா என்று மேனேஜர் சிரித்தார். அவர் சிரித்து அவர்கள் பார்த்ததே அன்றுதான்.

மனைவியையும் வரச் சொன்னார். கடைக்கு வா என்று அவர் அழைத்ததே இல்லை என்பதால் அந்த அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே வந்து என்ன பேசவேண்டும் என்று இரண்டு நாளாகத் துளைத்து எடுத்தாள்.

"உனக்கு என்ன தெரியும் பேச? ரெண்டு குறை சொல்லு போதும். அதுதான் உனக்கு நல்லா வருமே."

சனிக்கிழமை கூட்டம் அள்ளியது. கேஷியரின் மாமனார் பெரிய டிவி முன்னால் சோபாவில் சாய்ந்தவர், குறட்டையே விட்டுவிட்டார். மேனேஜரின் மச்சினன் மசாஜ் நாற்காலியில் ஏறியதிலிருந்து இறங்கவில்லை. ஏசி பிரிவுப் பையன் தன் சொந்தச் சித்தப்பாவை "சார், சார்" என்று கூப்பிட்டு மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருந்தான். சித்தப்பா அவனைப் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறவர், இன்றைக்குத்தான் இவன் மரியாதையாகப் பேசுகிறான் என்று ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் நடிக்கச் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை. ஜாணால் அளந்தார்கள், கதவைத் திறந்து திறந்து மூடினார்கள், விலைச்சீட்டைப் படம் பிடித்தார்கள். நிஜக் கோஷ்டிக்கும் இவர்களுக்கும் எள்ளளவு வித்தியாசம் இல்லை.

சின்ன முதலாளி சொன்ன நேரத்துக்கு வந்தான். கோட்டு இல்லை, கார் இல்லை. வெளுத்துப்போன டீ ஷர்ட்டும் செருப்புமாக, கல்லூரியில் அரியர் வைத்த பையன் மாதிரி இருந்தான். வீடியோ மீட்டிங்கில் பார்த்துப் பழகியதால் மேனேஜருக்கு அடையாளம் தெரிந்தது. முதலாளி என்றால் தொப்பையும் தங்கச் சங்கிலியுமாக ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்திருந்த கூட்டம் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் தனியாகவே சுற்றிப் பார்க்கிறேன், நீங்கள் உங்கள் அறையில் இருங்கள் என்று சொல்லிவிட்டு அவன் கூட்டத்துக்குள் நுழைந்தான்.

மேனேஜரின் அறை கூடத்துக்கு மேலே, படியேறிப் போகிற கண்ணாடி அறை. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், ஒன்றும் கேட்காது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். கீழே இருக்கிற ஒவ்வொரு தலையும் அவர் மூளையில் உதித்தது. இத்தனை பேரைச் சேர்க்க எந்த ஆன்லைன்காரனுக்கு வக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வாஷிங் மெஷின் பக்கம் ஒரு கணவனும் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள். யார் வீட்டுச் சொந்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அந்த ஆள் கையில் அளவு எழுதிய துண்டுக் காகிதம். மனைவி கை நீட்டி நீட்டி யாரையாவது கூப்பிடப் பார்த்தாள். பையன்கள் எல்லாரும் தங்கள் அத்தைக்கும் மாமாவுக்கும் மும்முரமாக விளக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் இவர்களைப் பார்த்தும் பாராததுபோல் தாண்டிப் போனார்கள். நடிப்பு பிரமாதம் என்று மேனேஜர் மெச்சிக்கொண்டார். கடைசியில் அந்த ஆள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். சின்ன முதலாளி ஓடிப்போய் அவர்களிடம் ஏதோ கேட்டான். அந்தப் பெண் கூட்டத்தைக் காட்டி, தன் போனைக் காட்டி, ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் மேனேஜருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனால் அடுத்த நிமிடமே சின்ன முதலாளி ஃப்ரிட்ஜ் வரிசைக்குப் போனான். அங்கே பச்சைக் கைப்பையோடு இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றைத் தடவிக்கொண்டு நின்றது அவருடைய மனைவி. அவன் ஏதோ கேட்க, அந்த அம்மாள் கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தாள். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தான். வீட்டில் இப்படிப் பேசினால் மேனேஜர் எழுந்து போய்விடுவார். இன்றைக்கு, பரவாயில்லை, இவளும் ஒரு காரியத்துக்கு உதவுகிறாள் என்று இருந்தது அவருக்கு.

சின்ன முதலாளி படியேறி வந்தான். காபி வேண்டாம் என்றான். கதவைச் சாத்தினான்.

"சார், இந்தக் கடையை மூடறதுக்குத்தான் வந்தேன். இப்ப மூடப் போறதில்லை, ரெண்டு கிளையும் இருக்கட்டும்."

மேனேஜர் கும்பிடாத குறையாக நன்றி சொல்ல வாயெடுத்தார். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"ஆளே வர்றதில்லைன்னு மாசாமாசம் எழுதினீங்க. நானும் நம்பினேன். ஆள் வராத கடையில யார் இருந்தும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு உங்களுக்கு வேற வேலைகூடப் பார்த்து வச்சிருந்தேன், எங்க குடோன்ல. இன்னைக்கு வந்து பார்த்தா நிக்க இடமில்லை. ஆனா கேஷ் கவுன்ட்டர்ல ஒருத்தர்கூட இல்லை. வீட்டு மெஷின் உடைஞ்சு போய், இன்னைக்கே வேணும்னு வந்த ரெண்டு பேர், கேக்க நாதியில்லாம ஆன்லைன்லயே போட்டுக்கறோம்னு போறாங்க. இது ஆன்லைன் பண்ணினதா, நீங்க பண்ணினதா?"

பையன்களுக்கு அனுபவம் போதாது என்று மேனேஜர் ஏதோ முனகினார்.

"பையன்களை நான் குறை சொல்லலை. ஃப்ரிட்ஜ் பக்கத்துல ஒரு அம்மா, பச்சைப் பை வச்சிருந்தாங்க. ஏம்மா வாங்கலைன்னு கேட்டேன். வாங்கணும்னு ரொம்ப நாளா ஆசைதான் தம்பி, ஆனா இந்த மேனேஜர்கிட்ட எதைக் கேட்டாலும் உனக்கு என்ன தெரியும்ங்கற மாதிரியே பார்ப்பாரு, கேக்கவே மனசு வர்றதில்லைன்னாங்க. சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு சார். ஒரு ஃப்ரிட்ஜுக்கு அவ்வளவு வருத்தப்படறாங்கன்னா, நீங்க எத்தனை தடவை அவங்களைத் துரத்தி விட்டிருக்கணும்?"

அவள் என் மனைவி, இது முழுக்க எங்கள் ஜோடனை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் கடை போகும், கீழே இருக்கிற பிள்ளைகளின் வேலையும் போகும். அதை நினைத்து அவர் வாயை மூடிக்கொண்டார் என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளின் நினைப்பே அவருக்கு வரவில்லை. அது தன் சொந்தப் பெண்டாட்டி சொன்ன வார்த்தை என்று இந்தப் பொடியனுக்குத் தெரிவதைவிட, வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று பெயர் எடுப்பது மேல் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் வர வேண்டாம், இந்தக் கிளையையும் அடுத்த கிளையின் மேனேஜரே பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு சின்ன முதலாளி இறங்கிப் போனான். போகும்போது மசாஜ் நாற்காலியில் இருந்த மச்சினனிடம், சௌகரியமாக இருக்கிறதா என்று விசாரித்தான். கழுத்துப் பக்கம் அழுத்தம் போதாது என்று மச்சினன் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு குறை சொன்னான்.

காரில் வீடு திரும்பும்போது மனைவிக்கு உற்சாகம் தாங்கவில்லை. யார் யார் எப்படி நடித்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மேனேஜர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நானும் ஒரு பையன்கிட்ட நல்லா எடுத்து விட்டேங்க. பாவம், அப்படியே நம்பிட்டான். அந்த ஃப்ரிட்ஜ் விலையைப் படம் பிடிச்சிருக்கேன். ஆன்லைன்ல பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரி கம்மியாத்தான் இருக்கு. ஆர்டர் போட்டுடட்டுமா?"

உனக்கு என்ன, என்று ஆரம்பித்தார். மிச்சத்தை விழுங்கிக்கொண்டு கியரை மாற்றினார். அந்த அம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். பதில் வராமல் போகவே, அலுப்பாக இருக்கிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவும் பண்ணி, உங்க முதலாளிதான் கடைசி வரைக்கும் வரவே இல்லை. வந்திருந்தா அவர்கிட்டயும் உங்களைப் பத்தி நாலு வார்த்தை நல்லபடியா சொல்லியிருப்பேன்."