நாலு பேர் சஹன்

கமாலுதீன் இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வரச் சொல்லி அவருடைய தம்பி அப்துல் அஹத் போன் செய்தபோது, சின்னையன் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார். துவாக்குடியில் ஒரே பட்டறையில் பதினோரு வருஷம் கூட வேலை செய்தவர் கமாலுதீன். விபத்து நடந்த அன்று மாலை அவரைப் பின்னால் உட்கார வைத்து பைக்கை ஓட்டியது சின்னையன்தான். அரியமங்கலத்தில் மாடு குறுக்கே வந்தது. சின்னையனுக்கு இடது மணிக்கட்டு மட்டும் உடைந்தது.

பாலக்கரை வீட்டில் அவர் வாசலோரமாகவே நின்றார். கமாலுதீனின் மனைவி சுராயாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்திருந்தார். சுராயா, கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் இருப்பதால் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்ப்பதில்லை என்று அஹத் சொன்னார்.

ஓதி முடித்ததும் கூடத்தில் விரிப்பு போட்டார்கள். இலை வரும் என்று சின்னையன் காத்திருந்தார். வந்தது ஒரே பெரிய தட்டு. சஹன். நெய்ச்சோறும் நடுவில் கறியுமாக, நாலு பேருக்கு ஒன்று. அஹத், அவருடைய சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், நான்காவதாகச் சின்னையன். மூவரும் பிஸ்மில்லா சொல்லிக் கை வைத்தார்கள். அடுத்தவர் சாப்பிடும் தட்டில் கை வைத்துச் சின்னையனுக்குப் பழக்கமில்லை. தன் பக்கத்து ஓரத்தில் கொஞ்சம் எடுத்தார். சித்தப்பா நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளி வைத்தார். அதைப் பார்த்ததும் சின்னையன் எழப் போனார்.

அஹத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எழுந்திருக்காதீங்கண்ணே. ஒருத்தர் எழுந்தா சஹன்ல மத்தவங்களும் கைய எடுத்துடுவோம். சித்தப்பா காலையிலேருந்து சாப்பிடல."

சின்னையன் உட்கார்ந்தார். யாரிடமும் சொல்லாததைச் சோற்றைப் பார்த்தபடி சொன்னார்.

"காட்டூர்ல பழக்கடைக்கிட்ட நிறுத்தச் சொன்னாரு. வீட்டுக்குக் கொய்யாப்பழம் வாங்கணும்னாரு. நேரமாயிடுச்சுன்னு நான் நிறுத்தல. நிறுத்தியிருந்தா அந்த மாடு போயிருக்கும்."

மூன்று கைகளும் நின்றன.

"என் வண்டியில வந்தாலும் அண்ணன் அங்க நில்லு, இங்க நில்லும்பாரு," என்றார் அஹத் கடைசியில். "நானும் பாதி நாள் நிறுத்தினதில்ல. சாப்பிடுங்க."

சாப்பிட்டார்கள். சின்னையன் மெதுவாகத்தான் சாப்பிட்டார். அவர் முடிக்கும்வரை மற்ற மூவரும் ஒவ்வொரு பருக்கையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கை கழுவியபின் அஹத் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்தார்.

"அண்ணிக்கிட்ட சொல்லிட்டேன். அழுதாங்க. இத்தா முடிஞ்சதும் உங்க வீட்டம்மாவ அழைச்சுக்கிட்டு ஒருநாள் வரச் சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது சின்னையனின் ஊர் வழக்கம். செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு அடி நடந்தவர் நின்றார். திரும்பி, "போயிட்டு வரேன்," என்றார்.