‘குணம்’ என்றொரு கட்டம்

1

இந்தக் கதை என் தப்பான வாசிப்பில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

ஒரு மருத்துவமனை தன் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்குக் கதை கேட்டது. தோல் வார்டின் பழைய பதிவேட்டை என் முன்னால் வைத்துவிட்டு, பதிவறைக்காரர் எதிரே உட்கார்ந்து பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். பக்கத்துக்கு ஐந்து கட்டங்கள்: பெயர், தொழில், நோய், மருந்து, குணம். கடைசிக் கட்டத்தில் ‘நல்ல குணம்’, ‘பாதி குணம்’, ‘குணமில்லை’ என்று வரிசையாக எழுதியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நோயாளியோட குணத்துக்கெல்லாமா மார்க் போடுவாங்க? பாருங்க, இந்தக் கொத்தனாரைக் குணமில்லாதவர்னு எழுதி வச்சிருக்காங்க!”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மேடம், அது அந்தக் குணம் இல்ல. நோய் குணமாச்சா இல்லையாங்கிற குணம்.”

கதை எழுதுகிறவளுக்குத் தமிழ் தெரியவில்லை என்று வார்டு வார்டாகப் போய்ச் சொல்லியிருப்பார். சொல்லட்டும். தப்பாகப் படித்துக்கொண்டிருந்த கண்ணில்தான் அந்தத் தையல்காரி அகப்பட்டாள்.

2

ஒரே பெண், பதினோரு ஆண்டுகளில் ஏழு முறை. தொழில்: தையல். நோய்: சொரியாசிஸ். முதல் ஆறு முறையும் கடைசிக் கட்டத்தில் ‘குணம்’. ஆறு முறை குணமானவள் ஏழாவது முறை எதற்கு வருகிறாள்?

அந்த ஏழாவது வரியில் ‘குணம்’ இல்லை. நீலப் பென்சிலில், வேறு கையெழுத்தில், ஒரே சொல்: ‘ஒட்டாது’.

[பெயர் பதிவேட்டில் இருக்கிறது. தரமாட்டேன். ஆளாளுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்த உடம்பு அது. பெயராவது அவளிடமே இருக்கட்டும்.]

3

முதல் தொடக்கம்: ‘அவள் வருவதற்கு முன்பே தார் வாசனை தெருமுனைக்கு வந்துவிடும். பாவம், அந்த அபலை…’

அபலையாம்! அங்கேயே நிறுத்திவிட்டேன். நிறுத்தியது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘அக்காலத்தில் இந்நோய்க்குப் பல்வேறு சிகிச்சைகள் இருந்தன.’ இது கட்டுரை. ஆனால் கொஞ்சம் கட்டுரை வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் இந்த நோய்க்காரர்களைத் தொழுநோயாளிகளோடு சேர்த்து ஒதுக்கியிருக்கிறார்கள். அப்புறம் பாஷாணம் வந்தது. பாஷாணம் என்றால் பாஷாணமேதான், ஆர்சனிக், சொட்டு மருந்தாக. படை மங்கும், நாளாக ஆக உள்ளங்கை காய்த்துத் தடிக்கும். பாதரசக் களிம்பு தடவினார்கள். சிலருக்கு ஈறு வீங்கியது. நிலக்கரித் தாரை உடம்பெல்லாம் பூசி, புற ஊதா விளக்கின் முன் நிறுத்தினார்கள். அது ஓரளவு கேட்டது. மருந்துக் கட்டத்தின்படி தையல்காரிக்கு இவை எல்லாமே நடந்திருக்கின்றன.

வைத்தியர்களைத் திட்டமாட்டேன். கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். என் கோபமெல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்தின் மேல்தான். எனக்கும் இந்த நோய் இருக்கிறது, இரண்டு முழங்கையிலும். காற்றில்லாத பதிவறையில் முழுக்கைச் சட்டைக்குள் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது அதனால்தான்.

4

ஆறு பொய்க் குணம் யாருடைய வேலை? டாக்டருடையது என்று முடிவுகட்டி, அவருக்குத் தொப்பையும் தற்பெருமையும் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். சுகமாக இருந்தது. பதிவறைக்காரரிடம் படித்துக் காட்டினேன்.

“டாக்டரை ஏன் மேடம் வாங்கு வாங்குன்னு வாங்குறீங்க? அந்தக் கட்டத்துல என்ன இருக்கோ அதைத்தான் சீட்டுல நகலெடுத்துத் தருவாங்க. வேலை பாக்கிற இடத்துல அதைக் காட்டணும். குணம்னு இல்லாட்டி உள்ள விடமாட்டாங்க.”

டாக்டரின் தொப்பையைக் குறைத்தேன். இப்போது காட்சி இப்படி:

“குணம்னு எழுதுங்க டாக்டர்.”

“முழங்கால்ல இன்னும் இருக்கேம்மா.”

“முழங்காலை யாரு பாக்கப் போறா? நான் கையாலதான் தைக்கிறேன். கை சுத்தமாயிருக்கு, எழுதுங்க.”

எழுதினார். அவள் தையல்கூடத்துக்குத் திரும்பி, பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்தாள். சில மாதங்களில் கையில் மறுபடி செதில். பக்கத்து மிஷின்காரி ஸ்டூலை நகர்த்திக்கொண்டாள். ஒட்டுவாரொட்டி என்றார்கள். மேற்பார்வையாளர் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “குணம்னு பொய் சொல்லி உள்ள வந்திருக்கா” என்றார். வேலையை விட்டு நிறுத்தினார். இப்படி ஆறு முறை.

குணம், குணம் என்று எழுதியே அவளுக்குக் குணமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். பதிவறைக்காரரே, என் வாசிப்பு அப்படியொன்றும் தப்பில்லை.

5

ஏழாவது முறை.

“வழக்கம்போல குணம்னு போட்டுரட்டுமா?”

“வேணாம். இது ஒட்டுமா டாக்டர்?”

“ஒட்டாது.”

“தொட்டா?”

“ஒட்டாது.”

“நான் தச்ச சட்டையப் போட்டா?”

“ஒட்டாதும்மா! எத்தனை தடவை சொல்றது?”

“என்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. அந்தக் கட்டத்துல எழுதுங்க.”

“அது குணத்தை எழுதுற கட்டம்.”

“இதோட குணம் அதுதானே?”

டாக்டர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, துணியில் அளவு குறிக்கும் நீலப் பென்சிலைக் காதோரத்திலிருந்து எடுத்து, பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, அவளே எழுதினாள்.

[“நீலப் பென்சில் டாக்டர்கள்கிட்டயும் இருந்தது” என்கிறார் பதிவறைக்காரர். இருந்துவிட்டுப் போகட்டும். என் கதையில் அது தையல்காரியின் பென்சில்.]

6

மலரின் பொறுப்பு நிர்வாக அதிகாரியுடையது. தாள்களைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“பிரமாதங்க. கடைசியில மட்டும் அவங்க குணமாயிட்டதா முடிச்சிடுங்களேன். ஆண்டு மலர், பாருங்க.”

“இன்னும் அதுக்கு முழுக் குணம் கிடையாதே சார்.”

“இப்பதான் நல்ல நல்ல மருந்து வந்திருக்கே?”

“வந்திருக்கு. நானும் எடுத்துக்கறேன். அடங்குது, போகலை.”

“உங்களுக்கா?” என்றார். அவர் கையிலிருந்த தாள்கள் மேசைக்கு இறங்கின. அவருக்கே தெரியாமல் இறங்கின என்றுதான் நினைக்கிறேன். எனக்கு வலித்தது. தாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

7

தையல்காரி சீட்டோடு தையல்கூடத்துக்குப் போகிறாள். மேற்பார்வையாளர் படிக்கிறார்.

“குணம்னு இல்லையே?”

“இல்ல. ஒட்டாதுன்னு இருக்கு.”

அவள் தன் பழைய மிஷினில் உட்கார்ந்து, வெட்டி வைத்திருந்த காலர் ஒன்றைச் சட்டையில் வைத்துத் தைக்கிறாள். நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். செதில் படர்ந்த கையால் சட்டையை அவரிடம் நீட்டுகிறாள்.

“புடிச்சுப் பாருங்க.”

அவர் வாங்கிக்கொண்டதாக ஒரு முடிவு எழுதினேன். ஆண்டு மலர் வாடை அடித்தது. வாங்காததாக இன்னொன்று. அதில் அபலை திரும்பி வந்துவிட்டாள். இரண்டையும் கிழித்தேன்.

இந்தப் பிரதியை அரைக்கைச் சட்டையோடு, முழங்கையை ஊன்றி எழுதினேன். மூன்று செதில்கள் தாளில் உதிர்ந்தன. ஊதித் தள்ளவில்லை. அதே தாள்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். கை கடுத்துப்போயிருக்கும். பிடியுங்கள்.